ரெண்டு நாள் சார்

வியாழக்கிழமை என்று அவர் சொன்னால் செவ்வாய்க்கிழமை என்று அர்த்தம். அதுவும் வாடிக்கையாளரிடம் சொல்லும்போதுதான். அதே வேலைக்கு, லிப்ட் பொருத்துகிற ஆட்களிடம் ஞாயிற்றுக்கிழமை என்பார். மேலே இருப்பவர்களுக்கு இரண்டு நாள் கூட்டு, கீழே இருப்பவர்களுக்கு இரண்டு நாள் குறை. உண்மையான தேதி அவருடைய சட்டைப்பையில் இருக்கிற சின்ன டைரிக்கு மட்டும்தான் தெரியும். சீட்டாடுகிறவர் தன் கைச்சீட்டைப் பார்ப்பதுபோல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுவார்.

எங்கள் நிறுவனம் கட்டடங்களுக்கு லிப்ட் பொருத்தித் தருகிறது. அவர் அங்கே திட்ட மேலாளர். நான் வரைபடம் போடுகிறவள், அவருக்கு இரண்டு மேசை தள்ளி. இருபத்திரண்டு வருஷத்தில் எந்த லிப்டும் அவர் சொன்ன தேதியைத் தாண்டியதில்லை. அலுவலகம் முழுக்க அவருக்கு ‘ரெண்டு நாள் சார்’ என்றுதான் பெயர். அது அவருக்கும் தெரியும். யாரோ விருது கொடுத்த மாதிரி சிரித்துக்கொள்வார்.

வீட்டிலும் இதே கதைதான். ஆறு மணி ரயிலை ஐந்து மணி என்பார். அவர் மனைவி ஒரு மணி நேரம் கூட்டிக் கணக்குப் போட்டே பழகிவிட்டார். “ஒரே ஒரு தடவை உண்மையான நேரத்தைச் சொன்னாரும்மா. அன்னைக்குத்தான் ரயிலை விட்டோம்” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சார் இரண்டு நாள் ஒளித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்த ஒவ்வொருவரும் தன் பங்குக்கு இரண்டு நாளை ஒளித்து வைத்தார். பொருத்துகிற ஆட்களை மேய்க்கிற ஃபோர்மேன் ஒளித்தார். நானும் ஒளித்தேன், பொய் சொல்வானேன். எல்லாருமாகச் சேர்ந்து ஒளித்த நாட்களில் இன்னொரு லிப்டே பொருத்தியிருக்கலாம்.

அப்புறம் ஒரு பெரிய நிறுவனம் எங்களை வாங்கிவிட்டது. புதுத் தலைவி வந்தாள். சாரின் மகள் வயதுதான் இருக்கும். வந்த முதல் நாளே சுவரில் ஒரு பெரிய வெள்ளைப் பலகையை மாட்டி, நாள்வாரியாகக் கட்டம் போட்டாள். அவரவர் வேலையை, அவரவர் தேதியை, அவரவரே அட்டையில் எழுதி ஒட்ட வேண்டும். வேலை சிக்கிக்கொண்டால் பெயர் எழுதிச் சிவப்பு அட்டை ஒட்ட வேண்டும். தினமும் காலையில் பலகை முன்னால் பத்து நிமிஷம் நின்றபடியே பேச வேண்டும். மேலாளர் என்ற பதவி போய், சார் ‘ஒருங்கிணைப்பாளர்’ ஆனார். மூன்று மாதம் பார்ப்போம், ஒத்துவராதவர்களுக்குக் கிடங்கில் இடம் இருக்கிறது என்று அவள் மரியாதையாகவே சொன்னாள்.

சார் ஆடிப்போய்விட்டார். என் மேசை ஓரமாக வந்து நின்று, “தேதியைச் சுவத்துல ஒட்டிட்டா, அப்புறம் நான் எதுக்கும்மா?” என்று கேட்டார். பாவமாக இருந்தது.

முதல் வாரம், நின்று பேசும் கூட்டத்துக்குத் தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டாவது வாரம் நின்றார், ஆனால் அட்டையில் தேதியைப் பென்சிலால் எழுதினார். யாரும் பார்க்காதபோது ரப்பரோடு பலகைப் பக்கம் போவதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். மூன்றாவது வாரம் என்ன தோன்றியதோ, ஃபோர்மேனிடம் போய் வழக்கமான “எப்ப முடியும்?” என்பதைக் கேட்காமல், வேலைக்கு என்ன தடையாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். திரும்பி வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது.

“அரை மணி நேரம் பேசறாரும்மா அந்த ஆளு. இத்தனை வருஷமா அவருக்கு வாயே கிடையாதுன்னு நினைச்சிட்டிருந்தேன்.”

அதிலிருந்து மனிதர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். மோட்டார் வருவதில் தடையா, நான் பேசுகிறேன். சாவி கிடைக்கவில்லையா, நான் வாங்கித் தருகிறேன். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவிலும் அட்டை ஒட்டிப் பழகுவதாக மனைவி ஃபோனில் சொன்னார். ரயில் நேரம்கூட இப்போது சரியாக எழுதுகிறாராம். அந்த அம்மாவுக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் டைரி மட்டும் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. தேதி என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கை அங்கே போய்விடும்.

மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது தப்பு நடந்தது. ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு லிப்ட் பொருத்திக்கொண்டிருந்தோம். மூன்றாவது மாடியில் கதவுக்கான வழி, செய்து வந்த கதவுச் சட்டத்தைவிட நான்கு விரல் குறுகலாக இருந்தது. எல்லா மாடியும் ஒரே அளவுதான் என்று முதல் மாடியை மட்டும் அளந்துவிட்டு வந்து எனக்குச் சொன்னவர் சார். கேள்வி கேட்காமல் வரைந்தவள் நான். சுவரை வெட்டிப் பூச மூன்று நாள் ஆகும். தப்பு அதுவரை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

கட்டடத்து ஆட்கள் மேல் பழியைப் போட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். கேட்டதற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் வெகுநேரம் டைரியைப் புரட்டினார். பழைய நாளாக இருந்தால் அதில் இரண்டு நாள் இருந்திருக்கும். இப்போது எதுவும் இல்லை.

“லிப்ட் வர்ற அன்னைக்குத்தான் நோயாளிகளை மூணாவது மாடிக்கு மாத்தறாங்க. இன்னைக்கே சொன்னா நிறுத்திக்குவாங்க. கடைசி நாள் சொன்னா, அவங்களைப் படியில தூக்கிட்டுப் போவாங்கம்மா” என்றார்.

மறுநாள் காலை, கூட்டம் தொடங்குமுன் பலகைக்குப் போய் ஒரு சிவப்பு அட்டையை ஒட்டினார். பெயரைப் பேனாவால் எழுதியிருந்தார். தப்பு யாருடையது என்று அவரே சொன்னார். என் பெயரை இழுக்கவில்லை. தலைவி எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். அவர் கை சட்டைப்பைக்குப் போனது.

“மூணு நாள்” என்றார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். “நிஜமாவே மூணுதான்.”

ஃபோர்மேன் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தார். வெள்ளிக்கிழமைக் கட்டத்திலிருந்து தன் அட்டையை உரித்துப் புதன்கிழமையில் ஒட்டினார். “என் ஆளுங்களுக்கு ரெண்டு நாள் இருக்கு சார். சுவரை நாங்க வெட்டிடறோம்” என்றார். இந்த லிப்டுக்கு உதவாது என்றாலும், நானும் போய் என் அடுத்த வரைபடத்தின் அட்டையை ஒரு நாள் முன்னால் தள்ளினேன். இரண்டு நாள் தள்ள மனசு வரவில்லை.

அங்கேயே நின்றபடி தலைவி ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து, லிப்ட் ஒரு நாள் தாமதமாகும் என்று சொன்னாள். ஃபோனை வைத்துவிட்டு, அதே ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் தொடங்குகிற இரண்டாவது கட்டடத்தையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்றாள்.

சார் சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்தார். பலகைக்கு அடியில் பேனாக்கள் வைக்கிற தட்டில், எல்லார் கைக்கும் எட்டுகிற மாதிரி அதை விரித்து வைத்தார்.