வினாகிரியில் கரைந்த மட்டி

முதல் தடவை கடலில் இருந்து வந்த மட்டி அத்தனையும் பழுதாகிப் போனது. ஆழ்கடல் மட்டியில் டிஎன்ஏ எடுக்கிற தொழில் அப்படித்தான். மட்டி வலையில் ஏறிவிடும். கெடாமல் கரைக்கு வந்து சேருவதுதான் பாடு. ஆய்வுகூடத்தில் குப்பி கழுவிக் கழுவி விரல் வெளுத்த உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்முனையில் ஒரு சின்ன ஆய்வுகூடம். நான் உதவியாள். எனக்கு மேலே ரிஹானா மிஸ், நிந்தவூர்ப் பெண்பிள்ளை, கடல் உயிரியல் படித்தவர். சாய்ந்தமருதுப் படகொன்றின் சுறா வலையில், முந்நூறு பாகம், ஆறடி ஒரு பாகம், ஆழத்துச் சேற்றோடு ஒரு சின்ன வெள்ளை மட்டி ஏறியது. புது இனம் என்றார் மிஸ். கொழும்பில் ஒரு பேராசிரியர், அது தெரிந்த பெரிய மட்டியின் குஞ்சு என்று ஒரே வரியில் அடித்துவிட்டார். ஓட்டைப் பார்த்துத் தீர்க்க முடியாது. டிஎன்ஏயைப் பார்க்க வேண்டும். கண்டியில் ஒரு ஆய்வுகூடம் டிஎன்ஏ பெருக்கும் தன் மெஷினை இரண்டே தடவை தரச் சம்மதித்தது. இரண்டும் பிழைபோனால் மிஸ்ஸின் மட்டி குஞ்சுதான். பேச்சு முடிந்தது.

பறந்த மூடிகள்

சதையை ஸ்பிரிட்டில் போட வேண்டும், அதாவது சுத்தமான மதுசாரத்தில். போத்தல்களை நிரப்பி, வலையில் ஏறும் மட்டியை அதில் போடச் சொல்லி, அதே படகில் ஏற்றிவிட்டேன். ஒரு கிழமையில் திரும்பின. ஒன்றைத் தொட்டேன். டப்பென்று மூடி பறந்து கூரையில் அடித்தது. அடுத்ததும் அப்படித்தான். உள்ளே நுரை. ஓடுகள் பிட்டுப் போல உதிர்ந்தன. மணந்து பார்த்தேன். வினாகிரி, அச்சாறு போடுகிற புளிக்காடி! அந்தப் புளிப்புத்தான் ஓட்டைக் கரைத்து வாயுவைக் கிளப்பியிருக்கிறது. அந்தச் சதையைக் கண்டிக்குக் கொண்டுபோயும் பார்த்தோம். டிஎன்ஏ இருந்தால் ஜெல்லில் கோடு தெரியும், ஒரு கோடும் தெரியவில்லை. ஒரு தடவை போய்விட்டது.

தண்டயல் ஆதம்பாவாவைத் தேடிக் கடற்கரைக்கு ஓடினேன். படகை நடத்துகிறவர் அவர்தான். ஸ்பிரிட்டைக் கடலில் ஊற்றிவிட்டாராம். படகில் எல்லாரும் தொழுகிறவர்கள். அலையில் போத்தல் கவிழ்ந்து உடுப்பில் பட்டால் நஜீஸ், அசுத்தம், அந்த உடுப்போடு தொழ ஏலாது. இதில் எனக்கு மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வினாகிரி? மனிதர் உதவி செய்த பெருமையில் நின்றார். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன், என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "காக்கா, நம்மட வீட்டு அச்சாறு வினாகிரியிலதானே வருசக்கணக்கா இருக்கு, இந்த மட்டி என்ன பெரிய இடத்துப் புள்ளயா?"

ஐஸ் பெட்டி

அடுத்த பயணம் ஐஸில் போடச் சொன்னேன். ஸ்பிரிட் இல்லை, சண்டை இல்லை. படகு வந்ததும் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பெட்டியைத் திறந்தேன். வெறும் பெட்டி. ஐஸ் கரைந்துகொண்டு போனதாம், மட்டி வீணாகப் போகிறதே என்று ஆணம், அதாவது குழம்பு, காய்ச்சியிருக்கிறார்கள். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். ஆதம்பாவா சொன்னார். "மிஸ்ஸுட்டச் சொல்லுங்க காக்கா, புது இனமோ பழைய இனமோ நமக்குத் தெரியா, திங்குற இனம் இல்ல."

இன்ஜின் மூலை

அந்தப் படகில் இன்ஜின் பார்த்தவர் பாண்டிருப்பு நல்லதம்பி. எங்கள் முஸ்லிம் ஊர்களும் அவருடைய தமிழ் ஊரும் ஒன்றையொன்று சந்தேகமாகப் பார்த்த காலம் அது. என்றாலும் அந்த இன்ஜின் இவர் கைக்குத்தான் அடங்கும். மிஸ் கரையில் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டு கிட்ட வந்தார். "போத்தல என்னட்டத் தாங்க. என்ட மூலைக்கு ஒருத்தரும் தொழ வாறதில்ல. சூடு படாமக் கட்டி வைக்கிறன்" என்றார்.

மிஸ் நிமிர்ந்தார். ஆதம்பாவாதான் முகத்தைச் சுளித்தார். "இவன் குடிச்சிட்டு நம்மள நடுக்கடல்ல விட்டுருவான்!" நல்லதம்பி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீங்க காய்ச்சின ஆணத்த ஒரு வாய் திண்டதுக்கே ரெண்டு நாள் படுத்தன் தண்டயல், அந்த மட்டி ஊறின தண்ணியக் குடிப்பனா?"

மிஸ் போத்தல்களை நல்லதம்பியிடமே கொடுத்தார். ஒரு கிழமையில் படகு திரும்பியது. மூடி ஒன்றும் பறக்கவில்லை. சதை இறுகி, வெள்ளையாய், அப்படியே இருந்தது. திருக்கோவில் பக்கம் எடுத்ததற்கு நீல நூல், கல்முனைப் பக்கத்துக்கு வெள்ளை நூல் என்று போத்தல் கழுத்தில் கட்டியும் இருந்தார். மிஸ் போத்தல்களைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கினார்.

கண்டி பஸ்

புறப்படும் அவசரத்தில் புது ஸ்பிரிட் மாற்றி ஊற்றினேன். பாதி என் சேட்டில் சிந்தி உடுப்பு நனைந்தது. தலையில் தொப்பி, முகத்தில் தாடி, உடம்பெல்லாம் அந்த மணம். அப்படியே பஸ்ஸில் ஏறினேன். கொண்டக்டர் கிட்ட வந்து மூக்கைச் சுருக்கினான். "மட்டிக்கு" என்றேன். வேறென்ன சொல்ல? "ஓம் ஓம், எல்லாரும் ஏதாவது ஒண்டுக்கெண்டுதான் சொல்றாங்க, கடைசி சீட்டுக்குப் போங்க ஹாஜியார்."

ஊதா வெளிச்சம்

டிஎன்ஏயை மெஷினில் பெருக்கி, நொதியால் வெட்டி, ஒப்பிடப் பெரிய மட்டியினதையும் சேர்த்து, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டோம். ஒரே இனம் என்றால் கோடுகள் ஒரே இடத்தில் நிற்கும். கரண்ட் போகக் கூடாதே என்று நான் ஓதிக்கொண்டிருந்தேன். விளக்கை அணைத்து ஊதா வெளிச்சத்தைப் போட்டார் மிஸ்.

கோடுகள்! தணல் போல எரிந்தன. பெரிய மட்டிக்கு இரண்டு. சின்னதுக்கு மூன்று. ஒன்றாவது மற்றதோடு நேர்நிற்கவில்லை. வேறொரு நொதி போட்டோம். நீல நூல் மட்டியும் வெள்ளை நூல் மட்டியும் அங்கே பிரிந்தன. ஒரே இனம்தான், ஆனால் ஒன்றோடொன்று கலக்காத இரண்டு கூட்டம். இதை நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. மிஸ் என் கையைப் பிடித்து உலுக்கினார், அழுதார், சிரித்தார். "குஞ்சு வளந்தாலும் கோடு மாறாது காக்கா, இது வேற, இது வேற, இது வேற!"

பேராசிரியரும் பிறகு ஒத்துக்கொண்டார். நொதியும் மெஷினும் ஊதா வெளிச்சமும் எந்த ஊரிலும் கிடைக்கும், ஸ்பிரிட் போத்தலைப் பள்ளிவாசலோடும் கடலோடும் பகைக்காமல் கரை சேர்க்க எங்களுக்குக் கிடைத்த ஒரே ஆள் பாண்டிருப்பு நல்லதம்பி.