அடியில் போய் உட்கார ஓர் இடம்

லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அவசர மணியை அழுத்தினால் மறுமுனையில் கேட்பது அக்காவின் குரல்தான். மெக்கானிக் வந்து கதவைத் திறக்கும்வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் லிப்ட் கம்பெனியின் விதி. நாங்களெல்லாம் பில், உதிரிபாகம் என்று வேறு மேசைகளில் காலம் தள்ளிக்கொண்டிருக்க, அக்கா மட்டும் அழுகிறவர்களையும் அதட்டுகிறவர்களையும் வாயாலேயே தாலாட்டிக்கொண்டிருப்பார். ஒருவர் தன் மாமியார் மேல் இருந்த குறையை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்து, கதவு திறந்த பிறகும் முடிக்காமல் வெளியே வர மாட்டேன் என்று நின்றுவிட்டார்.

அப்படி ஒரு நாள் மாட்டியவர், நீச்சல்குளத்தில் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று டேங்கைக் கட்டிக்கொண்டு நீருக்கடியில் போவது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். சுறாவைக் கண்டாலும் அசராத மனிதர், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் வெலவெலத்துப் போனார்.

"மூச்சப் பிடிக்காதீங்க சார். மெதுவா விடுங்க. விட்டீங்களா? இப்ப இழுங்க" என்றார் அக்கா.

"இத நான்தாம்மா ஊருக்கே சொல்லிக்குடுக்கறேன்!" என்று விம்மினார் மாஸ்டர்.

அந்த நன்றிக்கு அக்காவுக்கு இலவசமாகவே ஸ்கூபா சொல்லிக்கொடுத்தார். குளத்தின் அடியில் போய் உட்கார்ந்த முதல் நாளே அக்காவுக்கு ஒன்று உறைத்தது. இங்கே யாரும் தன்னிடம் பேச முடியாது. அன்று அவரை மேலே வரவழைப்பதற்குள் மாஸ்டருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தேர்வில் தேறி, கடலில் மூழ்க அனுமதிக்கும் அட்டை கைக்கு வந்ததும் அக்கா கடலுக்குக் கிளம்பினார்.

துறைமுகத் தெருவில் வரிசையாக ஸ்கூபா கடைகள். துணைக்கு அக்காவின் கணவர், எங்களுக்கெல்லாம் அத்தான், கூடவே போனார். மெத்தைக் கடையில் விற்பனையாளர். நீச்சல் தெரியாது, படகைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். ஆனாலும் எதையும் படுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

முதல் கடையில் ஒரு பெண் சிரித்த முகமாக வரவேற்றாள். "உங்க டைவிங் ஸ்டைல் என்ன மேடம்? ஆழமா போவீங்களா, போட்டோ எடுப்பீங்களா, மூழ்கின கப்பல் பாக்கணுமா?"

"உட்காருவேன்" என்றார் அக்கா.

"எங்க?"

"அடியிலதான். மணல் பாத்து."

"உட்கார்ந்து?"

"அவ்வளவுதான்."

அந்தப் பெண் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, எல்லாம் செய்யலாம் என்றாள். இதற்குள் அத்தான் கட்டியிருந்த படகில் ஏறி, பெஞ்சில் மல்லாந்து படுத்து, குமட்டலோடு இறங்கி வந்து கேள்விகளை ஆரம்பித்தார். "ஒரு வழிகாட்டி எத்தன பேர மேய்ப்பாரு? ஆக்சிஜன் படகுலயே இருக்கா, கரைக்கு வந்துதான் தேடுவீங்களா? வாரண்டி எத்தன வருஷம்?"

வாரண்டியைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஆனால் தண்ணீருக்குள் அந்தக் கடை வழிகாட்டி சும்மா இருக்கவில்லை. மீன் வந்தால் டேங்கைத் தட்டினார். மீன் போனாலும் தட்டினார். அக்கா மணலில் அமர்ந்த மாத்திரத்தில் தோளைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு நண்டைக் காட்டினார். அக்கா நண்டைப் பார்த்தார். நண்டும் அக்காவைப் பார்த்தது. இரண்டு பேருக்குமே அந்தச் சந்திப்பில் விருப்பமில்லை.

இரண்டாவது கடை வீராதி வீரர்களுடையது. யார் எவ்வளவு ஆழம் போனார்கள் என்பதுதான் அங்கே பேச்சு, மூச்சு எல்லாம். போகிற வழியில் ஒரு நல்ல மணல்திட்டைக் கண்டு அக்கா உட்கார, என்னவோ ஏதோ என்று பதறிய அவர்கள் அத்தனை பேருமாக அவரைக் கைத்தாங்கலாக மேலே கொண்டுவந்து, கரை வரைக்கும் வாயில் ஆக்சிஜனை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார்கள்.

"ஆக்சிஜன் படகுலயே இருக்கு" என்று அத்தான் மட்டும் திருப்தியாகத் தலையாட்டினார்.

மூன்றாவது கடை தெருக்கோடியில், ஒரு அண்ணனும் தம்பியும் நடத்தியது. படகுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்பதில் சண்டை வந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முன்பாதி நீலம், பின்பாதி பச்சை. தம்பி படகை ஓட்டுவார். அண்ணன் கீழே கூட்டிப்போவார். கருவிகளெல்லாம் நன்னீரில் அலசிக் காய்ந்துகொண்டிருந்தன. படகில் ஈ பறந்தால்கூடக் கேட்கும்.

"என்னங்க, இதுதான் நம்ம இடம்" என்று அத்தானின் காதில் கிசுகிசுத்தார் அக்கா.

அடியில் அண்ணன் மரியாதையாகச் சற்றுத் தள்ளியே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சொர்க்கம். பிறகு, தண்ணீருக்குள் எழுதும் சிலேட்டு ஒன்று அக்காவின் முகத்துக்கு முன்னால் நீண்டது.

'தம்பி என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா?'

அக்கா இல்லையென்று தலையசைத்தார். அண்ணன் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். 'சொல்லுவான்.' அப்புறம் டீசல், பூட்டு, சின்ன வயதில் உடைந்த சைக்கிள் என்று சிலேட்டு போய்ப் போய் வந்தது. மேலே வந்ததும் தம்பி பிடித்துக்கொண்டார். "அக்கா, கீழ அவரு சிலேட்டுல என்னவோ எழுதி எழுதி அழிச்சிருக்காரே, என்னது?"

பழக்கதோஷம். அக்காவின் வாய் தானாகவே, "பதட்டப்படாதீங்க சார், சரி பண்ணிடலாம்" என்றது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடைத்தெருவே தீர்ந்துவிட்டது; இனி போக இடமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே படகில் இடுப்பில் கை வைத்து நின்றார் அக்கா.

"ரெண்டு பேரும் இறங்குங்க. நீங்களே பேசிக்கோங்க."

"படக யாரு பாத்துக்கறது?" என்றார் தம்பி.

"நான் இருக்கேன்ல!" என்றார் அத்தான், வாயைக் கைக்குட்டையால் பொத்தியபடி. நல்லவேளையாக, துறைக்குப் பக்கத்திலேயே நங்கூரம் போட்டிருந்தார்கள். பக்கத்துப் படகுக்காரர் ஒரு கண் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். படகைவிட அத்தானைத்தான் அவர் அதிகம் கவனிக்க வேண்டியிருந்தது.

கீழே இருவருக்கும் நடுவில் ஒரே சிலேட்டு. அண்ணன் எழுத, தம்பி பிடுங்கி அழித்து எழுத, இழுபறியில் பென்சில் ஒடிந்தது. அப்புறம் கைஜாடைதான் கதி. ஸ்கூபாக்காரர்களின் கைஜாடையில் திட்டுவதற்கு வழி கிடையாது. 'நலமா', 'நலம்', 'காற்று குறைகிறது', 'மேலே போகலாம்', 'பக்கத்திலேயே இரு', இவ்வளவுதான். வேறு வழியில்லாமல் ஒருவரையொருவர் முறைத்தபடியே 'நலமா?' என்று கேட்டுக்கொண்டார்கள். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. அக்கா அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குமிழிகள் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று முதல் சகோதரர்கள் ஓயாமல் பேசினார்கள், ஆனால் ஒருவரோடொருவர். யாரும் தொந்தரவு செய்யாமல் அடியில் உட்காரவிடும் கடை ஒன்று இருக்கிறது என்ற செய்தி மெல்லப் பரவியது. ஒரு பல் டாக்டர் வந்தார். பள்ளி வேன் ஓட்டுநர் வந்தார். பிறகு இரட்டைக் குழந்தைகள் பெற்ற ஒரு தாய். எல்லோரும் இறங்கி, மணலில் வரிசையாக, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

போன மாதம் அக்கா போனபோது படகில் இடமே இல்லை. "அடுத்த வாரம் கண்டிப்பா வெச்சுத் தரோம்க்கா" என்று அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் கெஞ்சினார்கள். அக்கா கோபப்படவில்லை. வீடு திரும்பி, அத்தானுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து சொல்ல நேரமில்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அத்தான் அன்று மெத்தைக் கடைக்கு லீவு சொல்ல வேண்டியதாயிற்று.