சிறகின் கயிறுகளைத் தொட்டது யார்

போர்நிறுத்தம் வந்து, சோதனைச்சாவடிகளில் அபூர்வமாக ஒரு சிரிப்பும் காணக் கிடைத்த காலம் அது. மட்டக்களப்பில் ஓர் உதவி நிறுவனத்தில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். வாவிக்கரைச் சதுப்பில் வளரும் கண்டல் காடுகளை மேலிருந்து படம் எடுப்பதற்காக ஒரு வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார். முதுகில் எஞ்சினும் பெரிய விசிறியும் கட்டி, தலைக்கு மேல் துணிச்சிறகு எழும்ப ஓடிப் பறக்கிற பராமோட்டர் அவரிடம் இருந்தது. இராணுவம் இழுத்தடித்துத்தான் பறக்க அனுமதி தந்தது. ஓர் அதிகாரி கூடவே நிற்க வேண்டும் என்பது நிபந்தனை.

அவரை யாரும் நம்பவில்லை. அதிகாரி என்னைத் தனியே அழைத்து, "மரத்தைப் படம் எடுக்கவா ஒருவன் இவ்வளவு தூரம் வருவான்?" என்று சிங்களத்தில் கேட்டார். வாவிக்கு அந்தப் பக்கம், போராளிகளின் கையில் இருந்த கொக்கட்டிச்சோலைக்கு வேலையாகப் போனபோது, "அக்கா, அவர் ஆருக்குப் படம் எடுக்கிறார்?" என்று அங்குள்ளவர்களும் கேட்டார்கள். எனக்கும் நிச்சயமில்லை. அவர் கமராவைத் துவாயில் சுற்றி, சாப்பிடும்போதுகூட மடியில் வைத்திருந்தார்.

நாவற்குடாவில் அவர் தங்கிய விடுதிக்கு ஒரு காவலாளி இருந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னைக் கண்டால் கேள்விதான். "அந்த மூட்டைக்குள்ள என்ன புள்ள இரிக்கு? அத எப்ப அவுப்பான்?" அவ்வளவு அக்கறை எதற்கு என்று எனக்குள் உறுத்தியது.

பறக்கும் நாள் காலையில் வாவியோரத் தரவை வெளியில் புல்லின் மேல் சிறகை விரித்தோம். சிறகு மூட்டையைத் தூக்கி வந்தவர் அந்தக் காவலாளிதான். விசிறிக்குப் பின்னாலும் பக்கத்திலும் ஒருவரும் நிற்கக் கூடாது, எல்லாரையும் தள்ளிப் போகச் சொல் என்றார் வெள்ளைக்காரர். நான் சொன்னதும் அதிகாரியின் முகம் மாறியது.

"நம்மை ஏன் விரட்டுகிறான்?"

"விசிறி பட்டால் கை போய்விடும், சேர்."

இடப்பக்கக் கயிறுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. வெள்ளைக்காரர் முணுமுணுத்தபடி பிரித்தார். பிறகு தலைக்கவசத்தையும் கால்வார்களையும் இழுத்துப் பார்த்துவிட்டு, எஞ்சினை முடுக்கி, சிறகைப் பார்த்தபடி நின்று இழுத்தார். அது எழும்பியது. ஆனால் இடது நுனி மட்டும் விரியாமல் மடங்கிக் கிடக்க, சிறகு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்தது. அவர் உடனே எஞ்சினை நிறுத்திச் சிறகைக் கீழே விழவிட்டார்.

"நன்றாகத்தானே எழும்பியது? ஏன் நிறுத்தினான்?" என்றார் அதிகாரி.

"தரையில் நிற்கும்போது நிறுத்தலாம். இந்த நுனியோடு மேலே போயிருந்தால் சுழன்று வாவிக்குள் விழுந்திருப்பேன்" என்றார் அவர்.

நுனிக்குப் போகிற மெல்லிய கயிறுகள் ஒரு காய்ந்த குச்சியைச் சுற்றி இறுகியிருந்தன. அதை அவர் எங்களுக்குக் காட்டினார். "நான் மடித்தபோது இது இல்லை."

அதிகாரி காவலாளியின் பக்கம் திரும்பினார். "இரவு மூட்டை இவனிடம்தானே இருந்தது?"

மொழி புரியாவிட்டாலும் பார்வை புரிந்தது. காவலாளி என் பக்கம் ஓடி வந்தார். "சொல்லு புள்ள, நான் தொடல்லயெண்டு சொல்லு!"

எப்படிச் சொல்வது? எனக்கே அவர்மேல் சந்தேகம். அப்போதுதான், முதல்நாள் வெள்ளைக்காரர் இல்லாமல் நான் மூட்டையோடு வாகனத்தில் வந்தபோது பாலத்தடியில் நடந்த சோதனை ஞாபகம் வந்தது. அதிகாரியிடமே அவருடைய ஆட்களைக் குற்றம் சொல்ல வேண்டும். இருந்தாலும் சொன்னேன்.

"சேர், நேற்றுப் பாலத்தடியில் உங்கள் ஆட்கள்தான் மூட்டையை அவிழ்த்து நிலத்தில் கொட்டிப் பார்த்தார்கள்."

அதிகாரி பக்கத்தில் நின்ற சிப்பாயைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்தான். "ஆமாம் சேர். உள்ளே ஒன்றுமில்லை. திருப்பித் திணித்து அனுப்பினோம்."

அதிகாரி கையசைத்துச் சிப்பாயைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு, "பறக்கட்டும். கமரா என்னிடம் இருக்கட்டும்" என்றார்.

வெள்ளைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு, குச்சியை எடுத்தெறிந்து, ஒவ்வொரு கயிறாக விரலால் தடவிப் பார்த்தார். காற்று சீராகும்வரை காத்திருந்தார். இம்முறை சிறகு நேராக நின்றது. இரண்டு நுனிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினார். கால் நிலத்தை விட்டது. எஞ்சின் சத்தம் வாவிக்கு மேலே போனபோது, தோணியில் நின்ற ஒருவர் வலையை விட்டுவிட்டுக் குப்புறப் படுத்தார்.

படம் எடுக்க அனுமதி கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அவர் பறந்த அன்று காவலாளியும் நானும் ஒன்றாக விடுதிக்குத் திரும்பினோம். வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு அவர் கேட்டார்.

"நீயும் என்னையெண்டுதானே நினைச்ச?"

"ஓம் அண்ணன். நீங்க அவ்வளவு கேள்வி கேட்டீங்க."

"உன்னில எனக்குப் பயம் புள்ள. அதான் கேட்டுப் பாத்தன். நீ அவங்கட பாஷையும் பேசுறாய், இவன்ட பாஷையும் பேசுறாய். நீ ஆர்ட ஆளெண்டு எனக்கெப்படித் தெரியும்?"