எடைமேடைக்கு வந்த சத்தமில்லாத மவுஸ்

எடைமேடையில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவளுக்கு லாரியின் எடை கிலோ சுத்தமாகத் தெரியும். அதை ஓட்டி வந்தவரின் முகம் தெரியாது. டிக்கெட் கவுண்டரிலோ, ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் இடத்திலோ ஒரு ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கஷ்டம் உங்களுக்கு உடனே புரிந்துவிடும்.

கைகள்

ராயக்கோட்டை ரோட்டில் உத்தனப்பள்ளி தாண்டினதும் எங்கள் எடைமேடை. மதியம் இரண்டு மணியிலிருந்து எட்டு மணி வரை என் ஷிப்டு. டிரைவர் லாரியை மேடையில் நிறுத்திவிட்டு என் ஜன்னலுக்கு வருவார். ஜன்னல் முழுக்கக் கம்பிவலை, வலை முழுக்கக் கல்லுத் தூசி. அடியில் ஒரு கை நுழைகிற அளவுக்கு இடைவெளி. அதனால் நான் பார்ப்பதெல்லாம் கைகள்தான். கிரானைட் ஏற்றுகிற கை வெளுத்திருக்கும், தக்காளி லோடு கை பச்சையும் கறுப்புமாகக் கறை பிடித்திருக்கும்.

முதல் எடைக்குச் சீட்டு வராது. வண்டி நம்பரை ஒரு விரலால் தட்டி, மவுஸை ஒரு தடவை அழுத்தினால் கம்ப்யூட்டர் எடையை எழுதிக்கொள்ளும். மேஜைமேல் கண்ணாடி போட்டிருப்பதால் அந்த 'டிக்' வெளியே நிற்பவருக்கே கேட்கும். கேட்டதும் கை போய்விடும். லோடு ஏற்றித் திரும்பி வந்து இரண்டாம் எடை போட்ட பிறகுதான் சீட்டு அடிக்கும். வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம், மகள் கட்டிக்கொண்டு போனது திருப்பூருக்கு. ஒரு நாளில் நான் மனுஷர்களோடு இருப்பது இந்த ஆறு மணி நேரம்தான் என்பதால், நகம் இல்லாத கட்டைவிரலை வைத்து அடையாளம் தெரிந்துகொண்ட ஒரு கன்னடக்கார டிரைவரிடம், நாகராஜ் என்று பெயர், ஒரு நாள் சௌக்கியமா என்று கேட்டுவிட்டேன். கை நகரவில்லை. பதில் மட்டும் வந்தது: "டிக்குன்னு சத்தம் கேட்டா போதும்க்கா, லேட்டாவுது."

இரண்டு சீட்டு

முதலில் இருந்தது ஒயர் வைத்த மவுஸ். சீட்டை எடுக்கிற கைகள் ஒயரையும் சேர்த்து இழுத்ததால் ஓனர் ஒயர் இல்லாத மவுஸ் வாங்கி வைத்தார். கண்ணாடிமேல் அதன் அம்பு நகராது. அதற்குக் கீழே பழைய காலண்டர் தாள் ஒன்றைச் சாமி படம் தெரியாமல் திருப்பிப் போட்டுக்கொண்டேன். இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது.

போன தை மாதம் ஒரு தக்காளி வண்டிக்கு நான் ஒரு தடவை அழுத்த, இரண்டு சீட்டு வந்தது. அடுத்தடுத்த நம்பர், ஒரே எடை. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய வம்பு இல்லை. இரண்டாவது சீட்டை வைத்து, வராத லோடை வந்ததாகக் காட்டலாம். நான் ஒன்றைக் கிழித்துப் போட்டேன். ஆனால் மண்டியில், முந்தின வண்டியின் சீட்டுக்கும் இதற்கும் நடுவில் ஒரு நம்பர் எங்கே என்று கேட்டு வண்டியை நிறுத்திவிட்டார்கள். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்த டிரைவர் வலைக்கு வெளியிலிருந்து கேட்டார்: "ஒரே வண்டி, ஒரே தக்காளி, சீட்டு மட்டும் உனக்கு ரெட்டைப் புள்ளையாக்கா?"

அந்த மாதத்தில் இன்னும் நான்கு தடவை அப்படி ஆனது. ஓனர் கணினி பக்கம் வருகிறவர் இல்லை. தோட்டம்தான் அவருக்கு எல்லாம். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, சுதா ஷிப்டில் ஒன்றும் ஆகவில்லையே, உங்கள் ஷிப்டில் மட்டும் ஏன் என்று கேட்டார். சுதா எனக்கு முன்னால் காலையில் வேலை பார்க்கிற பெண், பி.காம். நான் ஏழாவதோடு நின்றவள். போகும்போது சொன்னார்: "இன்னொரு தடவை வந்துதுன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்மா."

தளும்பாத தண்ணீர்

விரல்தான் நடுங்குகிறது என்று முடிவு செய்துகொண்டேன். என் அம்மாவுக்குக் கடைசியில் கை நடுங்கியது. தூக்கம் போய்விட்டது. விடிந்ததும் ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அடுப்படியிலிருந்து வாசல் வரை நடந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. திரும்பியும் நடந்தேன். அப்போதும் சிந்தவில்லை. ஆனால் பார்த்துச் சொல்ல ஆள் இல்லையே. நானாக நடுங்காத மாதிரி நினைத்துக்கொள்கிறேனோ என்று அடுத்த கவலை வந்தது.

மகளுக்குப் போன் பண்ணினேன். கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருந்தாள் போலிருக்கிறது, பின்னால் பஸ் சத்தம். டம்ளரைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அம்மா, தண்ணி சிந்தலைங்கறதுக்கா போன் பண்ணுனே?"

சுதாவின் விரல்

மறுநாள் அரை மணி நேரம் முன்னாலேயே போய், சுதா வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எம்-சாண்ட் வண்டி ஒன்று வந்தது. நம்பரைத் தட்டினாள். சீட்டு ஒன்றுதான் வந்தது. அடுத்தது ஒரு முட்டைக்கோஸ் வண்டி. அதற்கும் ஒன்றுதான். மூன்றாவது வண்டிக்குத்தான் கவனித்தேன், அவள் கை மவுஸ் பக்கமே போகவில்லை. எல்லாவற்றுக்கும் கீபோர்டில் என்டரைத் தட்டுகிறாள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்று மவுஸை வைத்து மூன்று இடம் காட்டினார்கள், அந்த மூன்று இடத்திலேயே பிழைத்து வருகிறேன்.

மவுஸை ஒரே ஒரு தடவை அழுத்திப் பார் சுதா என்றேன். திரையில் இருந்த ஒரு ஃபோல்டரின் மேல் வைத்து அழுத்தினாள். இரண்டு தடவை அழுத்தினால்தான் அது திறக்கும். ஒரே அழுத்தில் திறந்துகொண்டது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அப்படியே. நான் என் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையைப் பிடித்து மேஜையில் வைத்தாள். யாராவது என் கையைத் தொட்டு வெகுநாள் ஆகியிருந்தது. "உங்க விரலுக்கு ஒண்ணும் இல்லக்கா, மவுஸுதான் திக்குது."

கடையில்

வேறு மவுஸ் வாங்கிக்கொள்ள ஓனர் சம்மதித்தார். முதலிலேயே சொல்லக் கூடாதா என்று என்னையே கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடையைப் பார்த்துக்கொண்ட அம்மாள் நான்கு மவுஸை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கைக்குள் காணாமல் போனது. ஒன்று கலர் கலராக மின்னியது. ஒன்றுக்கு அடிக்கடி சார்ஜ் போட வேண்டுமாம், எங்கள் இடத்தில் கரண்ட் இருக்கும்போதுதான் இருக்கும். நான்காவது கைக்கு அடக்கமாக இருந்தது. ஒரு பேட்டரி போட்டால் பல மாதம் வருமாம். அழுத்தினேன், சத்தமே இல்லை. செத்துப்போன மவுஸ் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே அதைக் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டினார். அழுத்தினேன், ஒன்று. அழுத்தினேன், ஒன்று. ஐம்பது வரை எண்ணியிருப்பேன், பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒரு தடவைகூட இரண்டாகவில்லை. அதையே எடுத்துக்கொண்டேன். மவுஸ் பேடில் கடல், மலை, ரேஸ் கார் என்று படம் போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் தூசிக்கு எந்தக் கடலும் ஒரு வாரம் தாங்காது. அடியில் ரப்பர் வைத்த கனமான சாம்பல் நிறத் துணிப் பேடு ஒன்றை எடுத்தேன். பில் போடும்போது அந்த அம்மாள், நான் ஏதோ ஆபீசில் நாலு பேரோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் என்று நினைத்து, நல்லதைத்தான் எடுத்தீர்கள் என்கிற மாதிரி சொன்னார்: "பக்கத்து சீட்டுல இருக்கறவங்களுக்குத் தொந்தரவே இருக்காதுங்க."

ஆச்சா?

திங்கட்கிழமை முதல் வண்டிக்கு ஒரு சீட்டு. இரண்டாவதற்கும் ஒன்று. மூச்சு வந்தது. ஆனால் முதல் எடைக்கு வந்த வண்டிகள் மேடையை விட்டு இறங்கவில்லை. நான் எடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், ஜன்னலில் கை அப்படியே இருக்கிறது. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். எனக்கு மறுபடி பயம், புது மவுஸும் கோளாறோ என்று. அப்புறம்தான் புரிந்தது. அவர்களெல்லாம் 'டிக்'குக்காகக் காத்து நிற்கிறார்கள்.

நகம் இல்லாத அந்தக் கட்டைவிரலும் வந்தது. கொஞ்ச நேரம் மேஜை விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு கை பின்னால் போய், இடைவெளிக்கு நேராக ஒரு முகம் குனிந்தது. நரைத்த மீசை, நான் நினைத்ததைவிட வயதானவர். என்னைப் பார்த்தார். ஆச்சு அண்ணா, போகலாம் என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் ஒருவர் குனிகிறார். ஆச்சுங்களா என்கிறார்கள், தெலுங்கில் அயிந்தா என்கிறார்கள், நானும் அவரவர் பாஷையில் பதில் சொல்லப் பழகிவிட்டேன். நாகராஜ் இப்போதும் அதே அவசரத்தில்தான் வருகிறார், ஆனாலும் குனிந்து கன்னடத்தில் கேட்காமல் போவதில்லை: "ஆய்த்தாக்கா?"

பிடிக்காவிட்டால் ஏழு நாளைக்குள் சத்தம் போடுகிற மவுஸாக மாற்றிக்கொள்ளலாம் என்று கடையில் எழுதிக் கொடுத்த பில்லை நான் எட்டாம் நாள்தான் தேடி எடுத்தேன்.