பிந்தி வந்த பால்

மகள் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கேட்டாள்: "அம்மா, நாள் கடந்தால் எனக்கு மருந்து ஏத்திப் பிரசவ நோ வரப்பண்ணுவினமாம். உங்களுக்கும் அப்பிடித்தானே? அதாலதானோ எனக்குப் பால் கிடைக்கேல்லை?"

"எல்லாருக்கும் அப்பிடி வாறேல்லையம்மா. பயப்பிடாதை" என்றேன். 

அவள் பிறந்தது யுத்த காலத்தில். கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மாடி வீடு. என் அம்மா யாழ்ப்பாணத்தில், பாதை பூட்டியிருந்தது. கணவரும் அவரைப் பெற்ற மாமியும்தான் துணை. இரவில் நோ கண்டால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்பதுதான் வீட்டில் ஓயாத பேச்சு. மேல்மாடிக்காரர் ஒருநாள் இரவு பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனவர், தமிழர் என்று பிடிபட்டு, பொலிஸ் நிலையத்து வாங்கில் குந்தியிருந்து, விடிந்த பிறகே வந்து சேர்ந்தார். அதைக் கண்ட நாளிலிருந்து கணவருக்கு நித்திரை இல்லை.

"டொக்டர், பகலில பிறக்கிற மாதிரி ஏதும் செய்ய ஏலுமோ?" என்று அவர்தான் கேட்டார்.

டொக்டர் சிரித்தார். "பிள்ளைக்கு ஊரடங்குச் சட்டம் தெரியாது. ஆனால் நாளும் கிட்டுது. காலமை வாங்கோ, நோ வர ட்ரிப் போடுவம்."

மாமி செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்றார். புதன்கிழமை போனோம். பயம் தீர்ந்தது என்று நானும் சந்தோஷமாகத்தான் போனேன்.

நோ மெல்ல மெல்ல வரவில்லை. ஒன்று அடங்குமுன் மற்றது ஏறியது. ட்ரிப் போத்தல்கள் மாறிக்கொண்டே இருந்தன. அடுத்த நாள் மத்தியானம்தான் பிள்ளை பிறந்தது. இரத்தம் நிறையப் போயிருந்தது. பிள்ளையைப் பக்கத்தில் கிடத்தினார்கள். கை தூக்கித் தொடக்கூட என்னால் முடியவில்லை. அவளும் களைத்துப்போய்க் கண் திறவாமல் கிடந்தாள். என் கால்கள் வீங்கியிருந்தன. மார்பு கல்லாக இறுகி, அவளுடைய சின்ன வாய் பிடிக்கப் பிடிக்க வழுகியது.

மலையகத்துத் தாதி ஒருத்தி அவசரமாகச் சொல்லிக்கொண்டே போனாள்: "ட்ரிப் தண்ணியாலதான் அப்படி வீங்கிக் கிடக்கு, தானா வடிஞ்சிரும். பால் வர கொஞ்சம் பிந்தும். பிள்ளையை மார்ல போட்டுக்கிட்டே இருங்க. நல்லா தண்ணி குடிங்க."

வீட்டுக்கு வந்ததும் மாமி என் கால்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். "ஐயோ, உரல் மாதிரியெல்லே கிடக்கு! உடம்பில நீர் ஏறிப்போச்சு. இனித் தண்ணி குடியாதை பிள்ளை. வாயை மட்டும் நனை." பத்தியத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுப்பார்கள். வீங்கிய காலைக் கண்டதும் அந்த அளவும் குறைந்தது.

"தாதி குடிக்கச் சொன்னவ, மாமி."

"அவளுக்கென்ன தெரியும், கலியாணம் கட்டாத குமர்ப்பிள்ளை."

"அம்மா, ஒரு கிளாஸ் குடுங்கோவன்" என்றார் கணவர்.

"நீ எத்தினை பெத்தனி? போய் மீனை வாங்கிக்கொண்டு வா."

அவர் மீன் சந்தைக்குப் போய்ப் பால்சுறா வாங்கி வந்தார். மாமி இருந்தெழும்ப முடியாத முழங்காலோடு நின்று, உள்ளிப்பூண்டு நிறையப் போட்டு வறுத்து, புட்டோடு பிசைந்து ஊட்டினார். பால் சுரக்கட்டும் என்றுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. முகம் கழுவும்போது வாய்க்குள் போன நீரை நான் துப்பவில்லை.

பிள்ளை வறண்ட மார்பில் வாய் வைத்துக் கத்தினாள். மஞ்சள் பிடித்து, நிறையும் குறைந்தது. கணவர் பால்மாவும் போத்தலும் வாங்கி வந்தார். முதல் போத்தலை அவள் மடமடவென்று குடித்துவிட்டுத் தூங்கிய முகத்தைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் அழுதோம். அவர்கள் ஆறுதலில் அழுதார்கள்.

சில நாளில் கால் வீக்கம் வற்றியது. தையல் காட்ட டொக்டரிடம் போய்விட்டுக் கணவரோடு திரும்பும்போது, காலி வீதிச் சோதனைச் சாவடியில் எங்களை இறக்கினார்கள். பெண்களைச் சோதிக்கச் சாக்குத் திரை கட்டியிருந்தது. உள்ளே நிற்கும்போது வெளியே எங்கோ ஒரு குழந்தை அழுதது. என் மார்பு சுர்ரென்று கூசியது. உடம்பைத் தடவிவந்த பொலிஸ்காரி சட்டென்று கையை எடுத்து விரல்களைப் பார்த்தாள்.

"மொகத மே?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டாள்.

நானும் அப்போதுதான் குனிந்து பார்த்தேன். சட்டையின் முன்புறம் முழுவதும் நனைந்திருந்தது. "கிரி" என்றேன். பால்.

"பபா கோ?" பிள்ளை எங்கே என்றாள்.

"கெதர." பிள்ளை வீட்டில்.

அவள் கைப்பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "எஹெனங் இக்மனட்ட யன்ன" என்றாள். அப்படியானால் கெதியாகப் போ.

தையல் இழுக்க இழுக்கப் படியேறி ஓடினேன். பிள்ளை மாமியின் மடியில் பசித்து அழுதுகொண்டிருந்தாள். வாங்கி மார்போடு அணைத்தேன். பால் அவள் கன்னத்தில் சொட்டியது. அவள் ஒருதரம் சப்பிப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பி, முதுகை வில்லாக வளைத்து வீரிட்டாள். மற்றப் பக்கம் வைத்தேன். அதற்கும் அப்படித்தான். மேசையில் இருந்த போத்தலை வாயில் வைத்ததும் அழுகை நின்றது. அதன்பின் எத்தனையோ நாள் முயன்றேன். அவள் போத்தலுக்கே பழகிவிட்டாள்.

பால் பிந்தியதற்கு எது காரணம் என்று இன்றைக்கும் தெரியாது. ட்ரிப்போ, போன இரத்தமோ, தாகமோ, அந்தப் பயமோ.

 அன்றைக்கு மாமி என் நனைந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக் கணவரிடம் கொடுத்தார். குசினிக்குப் போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். செம்பு தளும்பியது.

"குடி பிள்ளை" என்றார். "வேண்டின மட்டும் குடி."