மெஹருன்னிஸாவும் மலிவு மாத்திரையும்

என் மனைவிக்கு மாத்திரை வாங்கப் போன செவ்வாய்க்கிழமை காலை மருந்துக்கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த செல்லம்மாள், "தெரியாதா சார்? மெஹரம்மா போயிருச்சு. விடியக்காலம் தொழுதுட்டு எந்திரிச்சதாம், நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்துச்சாம், அம்புட்டுத்தான்" என்றார். ஐம்பத்திரண்டு வயது. ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுத்தவருக்கு இப்படியா என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை வீட்டுக்கு வந்த பிறகுதான்.

மெஹருன்னிஸா பேகம்பூர்க்காரர். தோல் வியாபாரி மகள், மருந்தியல் படித்துவிட்டு எங்கள் தெருவில் கடை போட்டவர். நாம் கம்பெனிப் பெயரைச் சொல்லி மாத்திரை கேட்டால், அட்டையைத் திருப்பி, கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த பூதக்கண்ணாடியை நம் கையில் கொடுத்துவிடுவார். "பெரிய எழுத்தை விடுங்க சார், அது கம்பெனி வச்ச பேரு. கீழ சின்னதா இருக்கு பாருங்க, அதுதான் மருந்து." அதே மருந்து, அதே அளவு, பாதி விலைக்கும் கீழே இன்னொரு அட்டையில் இருக்கும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாறச் சொல்வார். இப்படி விற்றால் கடை விளங்குமா என்று நான் கிண்டல் செய்வேன். "கட்டுப்படி ஆகாம பாதியில நிறுத்திட்டுப் போறவங்களால மட்டும் விளங்கிருமா?" என்பார்.

சிக்கனம் என்று எதைச் செய்தாலும் ஒத்துக்கொள்கிறவரும் இல்லை. சித்தையன்கோட்டையிலிருந்து வந்த ஒரு அம்மாள், ஒரு மாதச் சர்க்கரை மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்து இரண்டு மாதம் ஓட்டியதைப் பெருமையாகச் சொன்னார். மெஹருன்னிஸா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்னத்தா இது! நாள் பூரா கொஞ்சங்கொஞ்சமாக் கரையிற மாத்திரை. ஒடைச்சா மொத்தமா எறங்கிரும். தலை சுத்தலையா?"

"சுத்துச்சுதான். வெயிலுன்னு இருந்துட்டேன்."

அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டு, அந்த அம்மாளுக்குக் கட்டுப்படியாகிற வேறு மாத்திரையைக் கேட்டு எடுத்துக் கொடுத்தார்.

இனி என் பங்கு. நான் முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன். என் மனைவி மேரியின் ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் சம்மதத்தோடு மலிவானதற்கு மாற்றியபோது, தலையாட்டிவிட்டு வந்தேனே தவிர மனம் ஒப்பவில்லை. மலிவு என்றால் வீரியம் குறைவாகத்தான் இருக்கும் என்று நானே முடிவுகட்டி, அளவு இதுதான் என்று அவளிடம் சொல்லி ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தேன். நான்காம் நாள், ஞாயிறு பூசையில் முழந்தாளிட்டு எழுந்தவள் அப்படியே சாய்ந்தாள்.

செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த மெஹருன்னிஸா என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். நான்கு நாளில் எட்டுக் குழிகள் காலி. என்னைத் தனியே கூப்பிட்டார். "சார், டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிருங்க. இப்பவே. இல்லைன்னா நான் சொல்லுவேன்." சொன்னேன். மேரி பிழைத்தாள்.

தெருவில்தான் சொல்லவில்லை. மலிவு மாத்திரையால் வந்த வினை என்று பேச்சுப் பரவியது. பாதிப் பேர் வேறு கடைக்குப் போனார்கள். மேரியும் அப்படியே நம்பினாள். வேதியியல் வாத்தியாருக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று சிரிப்பார்களே என்று நான் வாயைத் திறக்கவில்லை. மெஹருன்னிஸாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த முறை கடைக்குப் போனபோது, "அம்மா நல்லா இருக்காங்களா சார்? இப்ப ஒண்ணுதானே குடுக்குறீங்க?" என்று மட்டும் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே, அன்று கடை மாறிப் போனவர்களுக்குச் சொல்கிறேன்: மருந்தில் குற்றமில்லை, கொடுத்த பெண்ணிடமும் குற்றமில்லை. குற்றம் என்னுடையது. எட்டு வருடமாக அவர் சுமந்தது என் பழி. இனி அவர் நினைவாக நான் சுமக்கப்போவது அந்தப் பழியைத்தான்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மேரியிடம் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் அவள் கேட்டாள்: "அந்தப் புள்ள உசுரோட இருக்கையில சொல்லியிருக்கலாம்ல?"