உடைந்த நகமும் வடக்குச் சுவரும்

எங்கள் அண்ணிக்குச் சாதாரண நாளில் நான் தம்பி. கோபம் உச்சிக்கு ஏறினால் சார். முப்பது வருஷத்தில் மூன்று தடவைதான் எனக்கு அந்தப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. மூன்றாவது, பழைய தபால் நிலையத்தின் வடக்குச் சுவரடியில்.

அண்ணி கொத்தனார். ஆள் உயரம் நிமிர்த்தி வைத்த மூட்டை அளவு, கோபம் மூன்று மாடி. அதனால் வேலையிடத்தில் அவர் பெயர் கடுகு. உலகத்திலுள்ள பழைய செங்கல் சுவர்களில் பாதியை அவர் சுரண்டியிருப்பார், மீதியைத் திட்டியிருப்பார். செங்கல் இடுக்கில் உளுத்துப்போன சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுச் சுண்ணாம்புச் சாந்தை வைத்து அழுத்துவது அவர் வேலை. அவர் ஏறி நிற்கச் சாரம் கட்டுவதும், கீழே நின்று திட்டு வாங்குவதும் என் வேலை.

சாந்து வைத்த மறுநாள் காலையில் அண்ணி கட்டைவிரல் நகத்தால் இடுக்கை ஒரு இழு இழுப்பார். சுண்ணாம்பு நிதானமாகத்தான் இறுகும், அதனால் கோடு விழ வேண்டும். பூனை வந்துவிட்டது, பாலை மூடுங்கள் என்று நான் கீழிருந்து கத்துவேன். மேலிருந்து சாந்து உருண்டை வரும். பத்து வருஷமாக ஒன்றும் குறி தப்பியதில்லை.

தபால் நிலையத்துக்கு நூற்றைம்பது வயது. திறப்பு விழாவுக்கு இருந்தது ஒன்பது நாள். சுண்ணாம்புச் சாந்துக்கு நனைந்த சாக்கு போர்த்தி, நாள்கணக்கில் ஈரம் காக்க வேண்டும். காண்ட்ராக்டர் பார்த்த பார்வையில் அவர் கைக்கடிகாரத்தின் முள்ளே தேய்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன். அண்ணி இரண்டு நாள் லீவு போட்டார். கண் கட்டைப் பிரித்ததும் அண்ணன் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கட்டச் சொன்னாராம்.

அந்த இரண்டு நாளில் காண்ட்ராக்டர் வெளியாட்களைக் கூட்டி வந்தார். சிமெண்டில் செங்கல் தூளையும் கொஞ்சம் சுண்ணாம்பையும் போட்டு, பார்வைக்கு அண்ணியின் சாந்து மாதிரியே குழைத்து, சுவரில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துவிட்டார்கள். நான் மூட்டைகளைப் பார்த்தேன். நீ சாரத்தைப் பார், சுவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் காண்ட்ராக்டர். நானும் சாரத்தைப் பார்த்தேன். இரண்டு நாளும் அதையேதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை அண்ணி ஏறினார், நகத்தை வைத்து இழுத்தார். கோடு விழவில்லை. நகம் உடைந்தது. அண்ணி நகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு குனிந்து என்னைப் பார்த்தார்.

"சார், இது என்ன சாந்து?"

தெரியாது என்பது தொண்டை வரைக்கும் வந்தது. "சிமெண்டு" என்றேன்.

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான் அண்ணி."

அண்ணி சுவர் பக்கம் திரும்பினார். உளியை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். நேற்று வைத்த சிமெண்டு இன்றைக்குக் கட்டியாகப் பெயர்ந்து வரும். ஒரு வாரம் விட்டால் செங்கல்லின் விளிம்பையும் கடித்துக்கொண்டுதான் வரும். அது சாரத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சத்தம் கேட்டுக் காண்ட்ராக்டர் ஓடி வந்தார், பின்னாலேயே இன்ஜினியரும். சாரத்தை உடனே பிரி என்று காண்ட்ராக்டர் எனக்கு உத்தரவு போட்டார். அண்ணிக்குத் தனி மரியாதை.

"தெற்குச் சுவத்துல சிமெண்டு வச்சது நீதானே? பேப்பர்ல போட்டோவுக்கு நின்னப்ப இனிச்சுதா?"

அது பொய்யில்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில் அண்ணிதான் வைத்தார். கெட்டியாக இருந்தால் நல்லது என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள், அவரும் நம்பினார். அந்தப் பேப்பர் துண்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. ஒரு நாள் அதை அவரே கிழித்துப் போட்டார். ஏன் என்று கேட்கும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.

அண்ணி இறங்கினார். தோற்றுவிட்டார் என்றுதான் நினைத்தேன். நேராகத் தெற்குச் சுவருக்குப் போய், இருவரும் வரும்வரை காத்திருந்து, உள்ளங்கையை வைத்து அழுத்தினார். செங்கல்லின் முகம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்து காலடியில் விழுந்தது. சிமெண்டுக் கோடுகள் மட்டும் காலிப் பெட்டிகளைப் போலத் துருத்திக்கொண்டு நின்றன. இடுக்கு வழியாக வெளியேற முடியாத ஈரம் பதினாலு வருஷமாகச் செங்கல்லைத் தின்று வந்திருக்கிறது.

"ஆமா, நான்தான் வச்சேன். அறிவில்லாம வச்சேன். அறிவுள்ள நீங்க எதுக்கு வைக்கறீங்க?"

காண்ட்ராக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்ஜினியர் ஒரு சில்லை எடுத்தார், அது அவர் விரலிலேயே மாவானது. மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் காண்ட்ராக்டர் என் பக்கம் திரும்பி, இன்னுமா பிரிக்கவில்லை என்றார்.

"ஸ்பானரைக் காணோம்" என்றேன்.

சாரத்தின் போல்ட்டைக் கழற்றும் ஸ்பானர் என் சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது. இரண்டு நாள் இரும்பு வாசனையோடுதான் சாப்பிட்டேன். உளி பிடித்துப் பழகாத கையால் அண்ணிக்குப் பக்கத்திலேயே நின்று கொத்தினேன். சிமெண்டு வேண்டாம் என்ற கடிதத்தோடு இன்ஜினியர் மறுநாள் மாலை வந்தபோது, எடுக்க ஒரு சிட்டிகைகூட மிச்சமில்லை.

திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் வடக்குப் பக்கம் புதுச் சுண்ணாம்புச் சாந்தின் மேல் போர்த்திய ஈரச் சாக்கைத்தான் பார்த்தார்கள். மறுநாள் அண்ணி சாக்கை விலக்கி, வலது நகம் இன்னும் வளராததால் இடது நகத்தால் இழுத்தார். கோடு விழுந்தது. இப்போதாவது தம்பி என்பார் என்று காத்திருந்தேன்.

"அந்தப் பக்கம் சாக்கு காயுது சார். தண்ணி ஊத்துங்க."

ஊற்றினேன்.